"பெரு ஜெயிலிலேயே கிடக்கட்டும்"

கேள்வி, 19 அக்டோபர் 2023

ஒரு வாசகர் கேட்டது, அப்படியே: "பதினெட்டு வருஷம் அந்தத் தாயை அலைக்கழித்தவனுக்கு அமெரிக்க ஜெயில் எதற்கு? டிவி, படிப்பு, மூன்று வேளைச் சாப்பாடு. பெருவிலேயே, அந்த மலை மேல் இருக்கிற ஜெயிலிலேயே கிடக்கட்டும். கொலைக் கேஸில் மாட்டுகிற எல்லோரையும் இந்த மாதிரி நாடுகளுக்கு அனுப்பிவிட்டால் பாதிக் கொலை குறையும். நான் சொல்வது தப்பா?"

19 அக்டோபர் 2023, இரவு

தெரியாதவர்களுக்காக முதலில் கதை. 2005 மே 30, கரீபியன் கடலில் அரூபா தீவு. பள்ளி முடித்த கையோடு கூட்டமாகச் சுற்றுலா வந்த நட்டாலி ஹாலவே என்ற 18 வயது அமெரிக்கப் பெண் காணாமல் போனாள். கடைசியாக அவள் காணப்பட்டது யோரான் வான் டெர் ஸ்லூட் என்ற டச்சுப் பையனோடு. அரூபா போலீஸ் முதலில் பிடித்ததே அவனைத்தான். அப்புறம் ஆதாரம் போதவில்லை என்று விட்டார்கள், 2007இல் மறுபடி பிடித்தார்கள், மறுபடி விட்டார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, 2010 மே 30, அதே தேதி, தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் லீமா நகரத்து ஓட்டல் அறையில் ஸ்டெஃபனி ஃப்ளோரெஸ் என்ற 21 வயதுப் பெண்ணைக் கொன்றான். 28 வருடத் தண்டனை. நேற்று அலபாமா நீதிமன்றத்தில் நட்டாலியையும் தானே கொன்றதாக அவன் ஒத்துக்கொண்ட விவரம் வெளியே வந்தது.

அந்த மலைச் சிறையின் பெயர் சாயபல்கா. ஆண்டிஸ் மலையில் 5,000 மீட்டர் உயரம். மூச்சு விடவே சிரமம், இரவில் உறைகிற குளிர், உறவினர் வந்து பார்ப்பது பெரும்பாடு. அவனை அங்கே மாற்றினார்கள் என்று 2014இல் படித்தபோது எனக்கு வந்தது சந்தோஷம்தான், மறைப்பானேன். "சரியான இடம்" என்று வாய்விட்டே சொன்னேன்.

அதனால் வாசகரைத் திட்ட வரவில்லை. ஆனால் நேற்றைய செய்தியை முழுக்கப் படித்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. நாளை எழுதுகிறேன்.

20 அக்டோபர் 2023

எது உண்மையை வெளியே கொண்டுவந்தது என்று பாருங்கள். பெருவில் பதின்மூன்று வருடம் இருந்தான், அதில் சாயபல்காவும் உண்டு. வாய் திறக்கவில்லை. இந்த வருடம் ஜூனில் அமெரிக்கா அவனைக் கொண்டுவந்தது கொலை வழக்குக்காகவும் அல்ல. நட்டாலியின் உடல் இருக்கும் இடத்தைச் சொல்கிறேன் என்று 2010இல் அவள் தாயிடம் 2,50,000 டாலர் கேட்டு, 25,000 டாலர் வாங்கிக்கொண்டு பொய்யான இடத்தைக் காட்டினானே, அந்த மிரட்டல், மோசடி வழக்கு. அதில் பேரம் நடந்தது. குற்றத்தை ஒத்துக்கொள், நட்டாலிக்கு என்ன ஆயிற்று என்று முழுதாகச் சொல், பொய் கண்டறியும் சோதனைக்கு உட்காரு. பதிலுக்கு 20 வருடத் தண்டனை, அதுவும் பெருத் தண்டனையோடு சேர்ந்தே ஓடும். அதாவது நடைமுறையில் அவனுக்குக் கூடுதலாக ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம்.

மலையும் குளிரும் பதின்மூன்று வருடத்தில் வாங்காத பதிலை ஒரு மேசையும் இரண்டு வக்கீல்களும் சில மாதத்தில் வாங்கிவிட்டார்கள். அந்தத் தாய்க்கு வேண்டியிருந்தது அந்தப் பதில். எங்களுக்கு வேண்டியிருந்தது அவன் மூச்சுத் திணறுவது. இரண்டும் ஒன்று என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

20 அக்டோபர் 2023, சற்று கழித்து

இன்னொன்று. "கொடூரமான வெளிநாட்டு ஜெயில்" என்று நாம் கற்பனை செய்வது ஒன்று, உள்ளே நடப்பது இன்னொன்று. சாயபல்காவுக்கு முன் வேறொரு சிறையில் இருந்தபோது அவனுக்குக் கல்யாணமே நடந்தது, பின்னால் குழந்தையும் பிறந்தது. சிறைக்குள் கொக்கைன் கடத்தினான் என்று பின்னால் இன்னும் 18 வருடம் போட்டார்கள். கடத்த முடிகிற அளவுக்கு உள்ளே வழி இருந்திருக்கிறது. கூட்டம் பிதுங்கும் சிறைகளில் இதுதான் வழக்கம், காசு உள்ளவனுக்கு அறை, காசில்லாதவனுக்கு நடைபாதை. கொடுமை குற்றத்தின் அளவைப் பார்த்து விழுவதில்லை, பாக்கெட்டைப் பார்த்து விழுகிறது.

23 அக்டோபர் 2023

இரண்டு திருத்தம்.

உயரம் 5,000 மீட்டர் இல்லை, 4,600க்குச் சற்று மேல். மூச்சுத் திணற அதுவே தாராளம். அந்தச் சிறையை மூடச் சொல்லி அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் 2003இலேயே தனி அறிக்கை எழுதியிருக்கிறது, யோரானின் பெயர் அதன் பக்கம் போவதற்குப் பதினோரு வருடம் முன்பு.

இரண்டாவது பெரிய தப்பு. "முதலில் பிடித்ததே அவனைத்தான்" என்று எழுதியிருந்தேன். இல்லை. முதலில் பிடித்தது இரண்டு பேரை, ஓட்டல்களில் வேலை பார்த்த முன்னாள் காவலாளிகள். யோரானும் அவன் நண்பர்களும், நட்டாலியை ஓட்டலில் இறக்கிவிட்டபோது காவலாளி மாதிரி ஒருவன் அவள் பக்கம் போனான் என்று கதை சொன்னார்கள். போலீஸ் அதைப் பிடித்துக்கொண்டது. அந்த இரண்டு பேருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஒரு வாரத்துக்குச் சற்று மேல் உள்ளே இருந்துவிட்டு வந்தார்கள்.

இதை மறந்தது தற்செயல் என்று சொல்லத் தயங்குகிறேன். பதினெட்டு வருடமாக இந்த வழக்கைப் படிக்கிறேன், கொன்றவனின் பெயர் தலைகீழாகத் தெரியும், தப்பாகப் பிடிபட்ட இரண்டு பேர் இருந்தார்கள் என்பதே மண்டையில் இல்லை. "கொலைக் கேஸில் மாட்டுகிற எல்லோரையும்" அனுப்பிவிடலாம் என்று முதல் கேள்வியில் இருக்கிறதே, 2005 ஜூனில் அந்தச் சட்டம் இருந்திருந்தால் மலைக்குப் போயிருப்பவர்கள் அவர்கள் இருவரும்தான்.

25 அக்டோபர் 2023

ஒரு வாசகி சூடாகக் கேட்டார்: "அரூபா அவனை மென்மையாக நடத்தியதால்தானே ஸ்டெஃபனி செத்தாள்? அந்தப் பெண்ணின் உயிருக்கு உங்கள் சட்ட நுணுக்கம் பதில் சொல்லுமா?"

சொல்லாது. இந்தக் கேள்வியை இரண்டு நாளாக அசைபோடுகிறேன். அவன் உள்ளே இருந்திருந்தால் அவள் இருந்திருப்பாள், அதில் வாதமே இல்லை. ஆனால் அவனை உள்ளே வைக்க முடியாமல் போனது அரூபாச் சிறை சொகுசாக இருந்ததாலா? ஆதாரம் இல்லாததால். உடல் கிடைக்கவில்லை, முதல் நாட்கள் வீணாகின. காவலாளிகளின் பின்னால் ஓடிய அந்த நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2010இல் இன்னும் மோசம். பணம் கைமாறியதைப் புலனாய்வாளர்கள் பதிவு செய்தார்கள், கையோடு கைது செய்யவில்லை. அவன் அந்தப் பணத்தோடு பெருவுக்குப் போனான். மூன்று வாரத்துக்குள் ஸ்டெஃபனி.

அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைப் பிடித்து இழுத்தாலும் சிறையின் கடுமை என்ற கண்ணி வரவே இல்லை. பிடிபடுவது தாமதமானது, அவ்வளவுதான். பிடிபட மாட்டோம் என்று நினைப்பவனுக்குச் சிறை எத்தனை மீட்டர் உயரத்தில் இருந்தால் என்ன?

27 அக்டோபர் 2023

சொந்தக் கதை ஒன்று. எழுதலாமா என்று யோசித்தே ஒரு வாரம் போனது.

என் பெரியப்பா மகன், என்னைவிட ஆறு வயது பெரியவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வெளிநாட்டில் வேலை பார்த்தார், நாட்டின் பெயர் வேண்டாம். ஒரே அறையில் ஆறு பேர். ஒரு காலையில் ஒருவர் எழுந்திருக்கவில்லை. தலையில் அடி, தரையில் ரத்தம். முந்தின இரவு பணம் கொடுக்கல் வாங்கலில் இவர்களுக்குள் வாய்ச்சண்டை நடந்ததைப் பக்கத்து அறைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். மிச்சமிருந்த ஐந்து பேரையும் கொண்டுபோனார்கள்.

நாற்பத்தொரு நாள். படுக்க இடமில்லாததால் முறை வைத்துத் தூங்கினார்களாம். படிக்கத் தெரியாத மொழியில் மூன்று தாளில் கையெழுத்துப் போட்டார், என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. நாற்பத்திரண்டாம் நாள் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. மாரடைப்பு, விழுந்ததில் தலையில் அடி. அது கொலையே இல்லை.

இதைச் சொல்ல வந்தது அந்தச் சிறையைப் பற்றிக் குறை சொல்ல அல்ல. செய்தி வந்த முதல் இரண்டு நாள் நான் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்ல. "அண்ணனுக்குக் கோபம் ஜாஸ்திதான்" என்று நினைத்தேன். என் சொந்த அண்ணன், தோளில் தூக்கி வளர்த்தவர். சொந்தக்காரர் ஒருவர் போனில் "நெருப்பில்லாமல் புகையுமா" என்றார், நான் மறுக்கவில்லை, "பார்ப்போம்" என்றேன். அந்தப் "பார்ப்போம்" இன்னும் உறுத்துகிறது. அவரிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை.

28 அக்டோபர் 2023

அண்ணன் கதைக்கு வந்த பதில்களில் பாதி "அது வேறு, இது வேறு". ஆமாம், வேறுதான். ஆனால் வேறு என்று தெரிந்தது நாற்பத்திரண்டாம் நாள்.

4 நவம்பர் 2023

யோரானை மறுபடி பெருவுக்கே அனுப்பிவிட்டார்கள். கொண்டுவந்ததே தற்காலிக ஒப்படைப்பாகத்தான். முதல் கேள்வி கேட்டவர் விரும்பியபடியே நடந்துவிட்டது, அவருக்கு ஒரு வாழ்த்து.

12 நவம்பர் 2023

"மக்கள் கடுமையைத்தான் கேட்கிறார்கள், ஜனநாயகம் என்றால் அதைக் கொடுக்க வேண்டியதுதானே" என்று ஒருவர். மக்கள் என்ன கேட்கிறார்கள் என்பது எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் காலப் என்ற கருத்துக் கணிப்பு நிறுவனம் 2019இல் கொலைக்கு மரண தண்டனை சரியா என்று கேட்டபோது 56 சதவீதம் பேர் சரி என்றார்கள். அதே வருடம், மரண தண்டனையா, பரோல் இல்லாத ஆயுளா, எது மேல் என்று இரண்டையும் வைத்துக் கேட்டால் 60 சதவீதம் ஆயுள் பக்கம் போனார்கள். மக்கள் அதே மக்கள்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்தது. 138 வழக்குகளின் ஜூரிகளிடம், அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல உட்காரும் சாதாரணக் குடிமக்களிடம், தீர்ப்பு சொன்ன கையோடு, தண்டனை வருவதற்கு முன்பே, நீங்களாக இருந்தால் என்ன தண்டனை கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். பாதிக்குச் சற்று மேலானோர் நீதிபதி கொடுத்ததைவிடக் குறைவாகவே சொன்னார்கள். இவர்கள் யாரும் மென்மையான ஆட்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் இல்லை. தெருவில் போகிறவரைக் கேட்டால் "தண்டனை போதவில்லை" என்று சொல்கிற அதே கூட்டம்தான். ஒரே வித்தியாசம், நாட்கணக்கில் உட்கார்ந்து அந்த ஒரு வழக்கை முழுசாகக் கேட்டார்கள்.

நான் சாயபல்காவுக்குச் சந்தோஷப்பட்டது நான்கு வரிச் செய்தி படித்து.

13 நவம்பர் 2023

மேலே எழுதியதில் கொஞ்சம் ஏமாற்று வேலை இருக்கிறது. அந்த ஆய்வில் எல்லா வகை வழக்குகளும் உண்டு, கொலை மட்டும் இல்லை. பாலியல் குற்றங்களில், அதுவும் குழந்தைகள் மீதானதில், ஜூரிகள் அவ்வளவு இரக்கம் காட்டவில்லை. எனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்து வைத்துவிட்டேன்.

2 டிசம்பர் 2023

"சந்தேகத்துக்குரியவர்" என்ற சொல் எப்போது "கொலைகாரன்" ஆகிறது? இரண்டு வழக்கு.

ஒன்று, 2010 நவம்பர், தென்னாப்பிரிக்கா. தேனிலவுக்குப் போன இடத்தில் ஆனி தேவானி சுடப்பட்டு இறந்தார். கணவர் ஷ்ரீயன் தேவானி பிரிட்டனுக்குத் திரும்பிவிட்டார். காரோட்டி, கணவர்தான் கூலிக்கு ஏற்பாடு செய்தார் என்றார். அவ்வளவுதான், ஊர் உலகம் தீர்ப்பு எழுதிவிட்டது. தென்னாப்பிரிக்கச் சிறைக்கு அனுப்பலாமா, அங்கே அவர் உயிரோடு இருப்பாரா என்று லண்டன் நீதிமன்றங்களில் மூன்று வருடத்துக்கு மேல் இழுத்தது. "பணக்காரன் நாடகமாடுகிறான், அந்த ஜெயில்தான் லாயக்கு" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன், இதே கையால் எழுதியிருக்கிறேன். 2014 ஏப்ரலில் அனுப்பினார்கள். டிசம்பரில் அவர் தரப்பு வாதத்தைக்கூடக் கேட்காமல், இந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு யாரையும் தண்டிக்க முடியாது என்று நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதனால் என்ன நடந்தது என்று எல்லாம் விளங்கிவிட்டது என்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் குடும்பத்துக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படாமலே போய்விட்டன, அது தனிக் கொடுமை. ஆனால் நான் எழுதியது தீர்ப்பு இல்லை, வன்மம்.

இரண்டு, அமாண்டா நாக்ஸ். இத்தாலியின் பெருஜாவில் 2007இல் மெரிடித் கெர்ச்சர் என்ற பிரிட்டிஷ் மாணவி கொல்லப்பட்டார். அதே வீட்டில் இருந்த அமெரிக்கப் பெண்ணுக்கு வயது 20. 25 வருடத் தண்டனை, நான்கு வருடம் போல உள்ளே, விடுதலை, மறுபடி குற்றவாளி, கடைசியில் 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் முழு விடுதலை. இவள் சிறையில் இருந்தபோது எச்ஐவி இருப்பதாகச் சொன்னார்களாம். பயந்துபோய் யார் யாரோடு பழகினேன் என்று ஒரு பட்டியல் எழுதினாள். பட்டியல் பத்திரிகைக்குப் போனது. நோய் இல்லை என்பது பிறகு தெரிந்தது. இத்தாலிச் சிறைக்குக் கொடூரமானது என்று பெயரே இல்லை. மலை வேண்டாம், குளிர் வேண்டாம், ஒரு தாள் போதும்.

3 டிசம்பர் 2023

நாக்ஸுக்கு முதலில் விதித்தது 26 வருடம், 25 அல்ல. சுட்டிக்காட்டியவர் சொன்னது சரி.

10 டிசம்பர் 2023

"அப்படியானால் ஓடிப்போனவன் நல்ல நாட்டில் உட்கார்ந்து ஒயின் குடிக்கட்டுமா?"

நியாயமான கேள்வி, அப்படி உட்கார்ந்தவனும் உண்டு. அமெரிக்காவில் ஐரா ஐன்ஹார்ன் என்பவன் காதலியைக் கொன்று உடலைத் தன் வீட்டிலேயே பெட்டியில் வைத்திருந்தான். 1977இல் கொலை, 1979இல் உடல் கண்டெடுப்பு, 1981இல் விசாரணைக்குச் சற்று முன் ஓட்டம். 1997இல் பிரான்ஸில் பிடித்தார்கள். அவன் இல்லாமலே நடந்த விசாரணையை நாங்கள் ஏற்க மாட்டோம், மறுவிசாரணைக்கு வழியிருந்தால் வா என்றது பிரான்ஸ். கொலை நடந்த பென்சில்வேனியா மாநிலம் அதற்காகவே சட்டம் திருத்தியது. 2001இல் ஒப்படைத்தார்கள், 2002இல் ஆயுள், 2020இல் சிறையிலேயே செத்தான். அந்தப் பெண்ணின் பெற்றோர் இதைப் பார்க்க உயிரோடு இல்லை. இதில் எனக்குக் கோபம் வருகிறது, பிரான்ஸ் மேல்கூட வருகிறது. கடைசியில் நடந்தது என்னவோ முறையான விசாரணைதான்.

இந்த "உத்தரவாதம் கொடு, ஆளைத் தருகிறேன்" என்ற வழி பழக்கமானதே 1989 சோரிங் வழக்குக்குப் பிறகு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் காதலியின் பெற்றோரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜெர்மன் இளைஞன், இங்கிலாந்தில் பிடிபட்டான். மரண தண்டனைக் கைதியாக ஆறு முதல் எட்டு வருடம் காத்துக் கிடப்பதே மனிதத்தன்மையற்றது, அந்த ஆபத்து இருக்கும் இடத்துக்கு அனுப்பக்கூடாது என்றது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். தப்பித்தானா? இல்லை. மரண தண்டனை கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள், 1990இல் அனுப்பினார்கள், இரண்டு ஆயுள் விழுந்தது. முப்பது வருடத்துக்கு மேல் உள்ளே.

11 டிசம்பர் 2023

ஒன்று மறந்துவிடுகிறோம். "கொடூரமான வெளிநாட்டுச் சிறை" பட்டியலை மற்றவர்கள் எழுதும்போது அதில் இந்தியாவும் வரும். மும்பைக் குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமை 2005இல் போர்ச்சுகல் ஒப்படைத்தது, மரண தண்டனை கூடாது, 25 வருடத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்று இந்தியாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான். அந்த வாக்கைக் காப்பாற்றியே ஆகவேண்டும் என்று 2022இல் இந்திய உச்ச நீதிமன்றமும் சொன்னது. அவர்கள் கண்ணுக்கு நாம்தான் பெரு.

6 பிப்ரவரி 2024

மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார் தேர்தல். அதிபர் புக்கேலே ஏறத்தாழ 85 சதவீத வாக்கோடு மறுபடி வந்துவிட்டார். இதற்கு மேல் பொதுமக்கள் கருத்து என்று என்ன வேண்டும் என்று கேட்டு நான்கு பேர் குதிக்கிறார்கள்.

குதிக்கலாம், காரணம் இருக்கிறது. 2015இல் அங்கே லட்சம் பேருக்கு நூறு கொலைக்கு மேல். 2022 மார்ச்சில் ஒரே வாரக் கடைசியில் 87 பேர் செத்த பிறகு நெருக்கடி நிலை, அப்புறம் 40,000 பேரை அடைக்கும் செகோட் என்ற சிறை. இப்போது கொலை விகிதம் அரசுக் கணக்குப்படி அந்தக் கண்டத்திலேயே அடிமட்டத்தில். மாதாமாதம் கும்பலுக்குக் கப்பம் கட்டி, பையன் வீடு திரும்புவானா என்று வாசலில் நின்ற தாயிடம் போய் நான் சட்ட நடைமுறை பேச முடியாது. பேசவும் மாட்டேன்.

ஆனால் 70,000க்கு மேல் பிடித்திருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு இன்னும் விசாரணையே முடியவில்லை. பிடித்த பிறகு நிரபராதிகள் என்று ஆயிரக்கணக்கில் விட்டிருக்கிறார்கள், உள்ளேயே செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். இதற்கெல்லாம் 85 சதவீதம் ஓட்டு விழுந்திருக்கிறது என்றால், கம்பிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் எப்போதும் பெரும்பான்மை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

என் முந்தைய வாதத்தில் ஒரு ஓட்டை விழுந்துவிட்டது என்பதையும் எழுதிவிடுகிறேன். கடுமையால் கொலை குறையாது என்கிற தொனியில் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே குறைந்திருக்கிறது. கடுமையால் குறைந்ததா, தெருவில் இருந்த அத்தனை பேரையும் அள்ளியதால் குறைந்ததா என்று பிரிக்கலாம், பிரித்தால் பிடிபடுவது உறுதி என்பதுதான் வேலை செய்தது என்று நான் சொல்வேன். ஆனால் அது எனக்கே கொஞ்சம் சமாளிப்பாகத் தெரிகிறது.

9 பிப்ரவரி 2024

நார்வேயைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டார்கள். அங்கே 77 பேரைக் கொன்ற பிரெய்விக்குக்கு 21 வருடம், உடற்பயிற்சிக் கருவிகள், தனிமையில் வைப்பது மனித உரிமை மீறல் என்று அவனே அரசு மேல் வழக்கு. 2016இல் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தும் விட்டான், மேல் நீதிமன்றத்தில் தோற்றான். அந்த 21 வருடம் நீட்டிக்கக் கூடியது, அநேகமாக வெளியே வரமாட்டான். எனக்கு வயிற்றெரிச்சல்தான். வயிற்றெரிச்சல் ஒரு வாதம் இல்லை என்றும் தெரியும். அடுத்த விஷயத்துக்குப் போவோம்.

21 ஆகஸ்ட் 2024

ரொம்ப நாள் இங்கே எழுதவில்லை. கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தி. அவளுடைய அக்காவைக் கணவனே கொன்றுவிட்டான், இது சந்தேகம் என்ற பேச்சே இல்லை, அவனே போன் செய்து சொல்லியிருக்கிறான். ஜாமீனில் வந்துவிட்டான். வாய்தா வாய்தாவாகப் போகிறது. ஒருநாள் மதியம், நான் இங்கே எழுதியதையெல்லாம் படித்திருக்கிறாள் போல, "அந்த மலை ஜெயில் பேர் என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "அவனை அங்கே வைக்கணும்" என்றாள்.

என்னிடம் டாஸ்மேனியா இருந்தது, காலப் இருந்தது, அண்ணனின் நாற்பத்தொரு நாள் இருந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை. "ஆமா" என்றேன்.

அதைப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

20 மார்ச் 2025

இப்போது உண்மையாகவே அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்கா இருநூறுக்கும் மேற்பட்ட வெனிசுவேலாக்காரர்களை விமானத்தில் ஏற்றி செகோட்டில் இறக்கியிருக்கிறது. தலை மொட்டையடித்து, குனிய வைத்து, இழுத்துக்கொண்டு போகும் காணொளியை அந்த நாட்டு அதிபரே போடுகிறார். கீழே இதயக் குறிகள். முதல் கேள்வி கேட்டவர் 2023இல் கற்பனையாகச் சொன்னது இது. அவரிடமிருந்து செய்தி வந்தது, ஒரே வரி: "நான் சொன்னது கொலைகாரர்களை."

நம்புகிறேன். அப்படித்தான் சொன்னார்.

22 ஜூலை 2025

அந்த வெனிசுவேலாக்காரர்கள் 252 பேரையும் நான்கு மாதம் கழித்துக் கைதிப் பரிமாற்றத்தில் அவர்கள் நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு அமெரிக்காவில் குற்றத் தண்டனை எதுவும் இருந்ததில்லை என்று பத்திரிகைகள் பதிவேடுகளைத் தேடி ஏற்கெனவே எழுதியிருந்தன. பதிலுக்கு வெனிசுவேலா பத்து அமெரிக்கர்களை விடுவித்தது.

அந்தப் பத்தில் ஒருவன் யார் தெரியுமா? 2016இல் மாட்ரிட்டில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் மூன்று பேரைக் கொன்ற வழக்கில், வெனிசுவேலா நீதிமன்றம் விசாரித்து, குற்றவாளி என்று தீர்ப்பளித்து, 30 வருடம் கொடுத்த ஆள். மூன்று கொலை, முறையான விசாரணை, தீர்ப்பு, உண்மையான வெளிநாட்டுச் சிறை, எல்லாம் இருந்தது. விமானத்தில் ஏறி அமெரிக்கா போய் இறங்கிவிட்டான்.

இரண்டு மூன்று தடவை திரும்பப் படித்தேன், ஏதோ தப்பாகப் படிக்கிறேனோ என்று.

23 ஜூலை 2025

இல்லை, சரியாகத்தான் படித்திருக்கிறேன்.

14 செப்டம்பர் 2025

தோழியின் அக்கா வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. ஆயுள். அன்று சாயங்காலம் போன் செய்தாள். எந்தச் சிறை, என்ன வசதி என்று எதுவும் கேட்கவில்லை. அவன் நீதிமன்றத்தில், கடைசி நிமிடம் அக்கா என்ன சொன்னாள் என்று சொன்னானாம், அதை இரண்டு தடவை எனக்குச் சொன்னாள். அப்புறம் மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.